ஒரே எடை, வேறு நீளம்

கடதாசி இலக்கில் வட்டமாக ஓட்டை விழவேண்டிய இடத்தில் சாவித் துவாரம் போல நீளமாக ஒரு கிழிசல். துஷ்யந்தன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். கிழிசல்தான். ரைபிளிலிருந்து போன சன்னம் மூக்கை நீட்டிக்கொண்டு போகாமல் புரண்டு, பக்கவாட்டில் போய் அடித்திருக்கிறது. ஏதோ ஒன்று தவறிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்ததைச் சுட்டான். அது இலக்கையே தொடவில்லை. பக்கத்து ஆளின் இலக்கு மாட்டிய மரச்சட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மண்மேட்டில் புதைந்தது.

துவக்குச் சுடும் கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் மர்கரீத் எல்லோரையும் சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு அவனிடம் வந்தார்.

“மிஸ்யூ, இது நீங்களே வெடிமருந்து நிரப்பிய ரவைதானே?” என்று பிரெஞ்சில் கேட்டார். அவன் தலையாட்டினான். “அடுத்த ஞாயிறு என் கண்முன்னால் ஐந்து சுடுங்கள். அதில் ஒன்று இப்படி விழுந்தாலும் வருகிற வருடம் சுடுவதற்கான லிசான்ஸுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். திட்டியிருந்தால் அவனுக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

துஷ்யந்தன் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் வடக்கு முனையில், ஒரு நகைக்கடையின் பின்னறையில் இருந்து தாலிக்கொடியும் காப்பும் செய்கிறவன். தங்கவேலைக்காரனுக்குத் துவக்கு எதற்கு என்று ஊர் கேட்கத்தான் செய்தது. “சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவர், இஞ்சை வந்து துவக்குத் தூக்கிறார்” என்று கோயில் வாசலில் வைத்தே சிரித்தார்கள். அவன் யாருக்கும் பதில் சொன்னதில்லை. சொன்னால் பதுங்குகுழியில் தொடங்கவேண்டும்.

ஷெல்லடிக்குள் வளர்ந்த உடம்பு அது. எங்கே என்ன வெடித்தாலும் தானாகக் குந்திவிடும். சில வருடங்களுக்கு முன், யூலை மாதத் தேசிய விழா நெருங்க, தெருவில் பெடியங்கள் வெடி கொளுத்தினார்கள். மரக்கறிப் பையோடு வந்தவன் லா சப்பல் மெத்ரோ வாசலில் அப்படியே குந்திவிட்டான். சனம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த வெட்கத்தில் அன்று அவன் வாயில் சோறு வைக்கவில்லை. அதைக் கண்டிருந்த லூடோவிக், பக்கத்துக் கட்டடத்தில் பூட்டு வேலை செய்கிறவன், ஒன்றும் கேட்காமல் ஒரு ஞாயிறு அவனைத் தன் கிளப்புக்குக் கூட்டிப்போனான். அங்கே முதன்முறையாகச் சத்தம் அவன் விரலைக் கேட்டு வந்தது. கிழமையில் அந்த ஒரு காலைப்பொழுதுதான் அவன் வெடிச்சத்தத்துக்குப் பயப்படாமல் இருந்தான். மர்கரீத் கைவைக்கப் போவது அதில்தான்.

திங்களன்றே லூடோவிக் தீர்ப்புச் சொல்லிவிட்டான். “உன் ரைபிள் கிழவி. குழல் தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடு.” துஷ்யந்தன் நம்பவில்லை. குழலைத் துடைத்துத் துடைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். உள்ளே சுருண்டு ஓடும் வரிகள் பளிச்சென்று இருந்தன. அந்த வரிகள்தான் சன்னத்தைப் பம்பரம் போலச் சுழற்றி அனுப்புகின்றன. சுழற்சி போதாவிட்டால் பம்பரம் தள்ளாடுவது போலச் சன்னமும் தள்ளாடும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் போன மாதம்வரை ஒழுங்காகச் சுழற்றிய குழலுக்கு இப்போது என்ன வந்தது?

மாறியது ஒன்றே ஒன்றுதான், சன்னம். பிள்ளை தவழத் தொடங்கியதும் மனைவி மிருணாளினி கறாராகச் சொல்லிவிட்டாள், “ஈயச் சாமான் ஒண்டும் இந்த வீட்டுக்குள்ளை வரப்படாது.” அவனும் ஈயச் சன்னத்தை விட்டுவிட்டு முழுச் செம்புச் சன்னத்துக்கு மாறினான். அதே எடையாகத்தான் பார்த்து வாங்கினான். வாங்கியதை ஒவ்வொன்றாகப் பட்டறைத் தராசில் வைத்தான். மயிரிழை வித்தியாசம் இருந்ததையும் ஒதுக்கினான். தராசுக்கு மேல் அவனுக்குத் தெய்வம் கிடையாது. எடை சரியென்றால் எல்லாம் சரி, அவன் தொழில் படித்த விதம் அது. அதனால் சன்னத்தில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. வெடிமருந்தைச் சந்தேகித்தான், ரவைக் கோதைச் சந்தேகித்தான், கடைசியில் மனைவியின் மேல் எரிச்சல்பட்டான்.

“நான் ஈயம் வேண்டாமெண்டதாலையோப்பா இவ்வளவும்?” என்று அவள் கேட்டபோது, “சீச்சீ, அதில்லை” என்றான். முகம் வேறு சொன்னது. அவளும் சாப்பாட்டைக் கொஞ்சம் சத்தமாகவே மேசையில் வைத்தாள்.

சனிக்கிழமை கடையில் நல்ல சனம். கோசலை அக்கா இரண்டு சங்கிலிகளைக் கண்ணாடி மேசையில் போட்டார். ஒன்று இந்தக் கடையில் வாங்கியது. மற்றது மருமகள் பிரெஞ்சுக்காரர் கடையில் வாங்கியது.

“தம்பி, ரெண்டும் ஒரே கிராம். அவள் வாங்கினதைப் பார், கயிறு மாதிரி மொத்தமாக் கிடக்கு. உங்கடை நூல் மாதிரி. எனக்கு என்ன சுத்துமாத்துச் செய்தனியள்?”

கடையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. முதலாளியின் முகம் கறுத்தது. துஷ்யந்தன் பின்னறையிலிருந்து வந்து இரண்டையும் தராசில் வைத்துக் காட்டினான்.

“அக்கா, அவையின்ரை பதினெட்டுக் கரட், எங்கடை இருபத்திரண்டு. அவையின்ரையிலை செம்பு கூட. செம்பு பாரமில்லாத சாமான். தங்கத்தின்ரை எடைக்கு அதைக் கொண்டு வரோணுமெண்டால் பருமன் கூடத்தான்…”

வார்த்தை பாதியில் நின்றது. கோசலை அக்கா, “கூடத்தான் என்ன?” என்று கேட்டது அவன் காதில் ஏறவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமையாக நெய்க்கு அலைந்திருக்கிறான்!

வீட்டுக்கு ஓடிப்போய், மிச்சமிருந்த செம்புச் சன்னம் ஒன்றை எடுத்தான். பழைய ஈயச் சன்னம் வந்த வெறும் பெட்டியின் மூடியில் அதன் நீளம் அச்சிட்டிருந்தது. செம்புச் சன்னத்தை வேணியர் அளவுகோலால் அளந்தான். எடை ஒன்று, நீளம் வேறு. ஈயத்தைவிடச் செம்பு பாரம் குறைந்தது. அகலத்தைக் கூட்ட முடியாது, குழல் விடாது. ஆகவே எடை முழுக்க நீளத்தில் போயிருக்கிறது. நீளம் கூடினால் நேராகப் பறக்க அதிகச் சுழற்சி வேண்டும். அடுத்து, துடைக்கும் கம்பியில் இறுக்கமாகத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் தள்ளினான். கம்பி மெல்லத் திரும்பிக்கொண்டே போனது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு முழங்கை நீளம் போகவேண்டியிருந்தது. குழல் வரிகளுக்குச் சோம்பேறி முறுக்கு. கட்டைச் சன்னத்துக்குப் போதும், இந்த நீட்டுச் சன்னத்துக்குப் போதவே போதாது.

இவ்வளவும் கணக்குத்தான். கணக்குப் பிழைத்தால் நாளைக்கு லிசான்ஸ் போகும்.

ஓல்னே-சூ-புவாவில் இருந்த லூடோவிக்கின் வீட்டுக்கு ரயிலேறினான். லூடோவிக்கிடம் எடை குறைந்த, கட்டையான செம்புச் சன்னங்கள் இருந்தன. “குழல்தான் காரணம், வீணாக அலைகிறாய்” என்று முணுமுணுத்தபடியே கொடுத்தான். புதுச் சன்னத்துக்குப் பழைய அளவு மருந்து செல்லாது. கையேட்டைத் திறந்து, அந்தச் சன்னத்துக்குச் சொன்ன தொடக்க அளவில் ஐந்தே ஐந்து நிரப்பினார்கள். ஒத்திகை பார்க்க நேரமில்லை.

ஞாயிறு மர்கரீத் அவன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பக்கத்தில் லூடோவிக். “எதை மாற்றினீர்கள்?”

“சன்னத்தை. எடையை மட்டும் பார்த்தேன், நீளத்தைப் பார்க்கவில்லை. என் பிழை.”

அவர் இலக்கைக் கைகாட்டினார். அவன் படுத்தான். நெஞ்சு அடித்ததில் குறிக்கம்பி ஏறி இறங்கியது. மூச்சைப் பாதியில் நிறுத்தினான். சுட்டான். தொலைநோக்கியில் பார்க்கப் பயம். பாராமலே மற்ற நான்கையும் சுட்டு முடித்தான்.

எல்லோரும் சுட்டு ஓய்ந்த பிறகு மூவரும் இலக்குவரை நடந்துபோனார்கள். ஐந்து ஓட்டைகள். ஒன்று மேலே, ஒன்று ஓரத்தில், மற்றவை நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டது போலச் சிதறி. குறி பார்க்கத் தெரிந்தவன் வெட்கப்படவேண்டிய இலக்கு. ஆனால் ஐந்தும் வட்டம். லூடோவிக் குனிந்து பார்த்துவிட்டு, “ம்ம்” என்றான். அவன் வாயிலிருந்து வருகிற மன்னிப்பு அவ்வளவுதான். மர்கரீத் ஒவ்வொரு ஓட்டையாக விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, “மோசமாகச் சுட்டிருக்கிறீர்கள்” என்றார். “அடுத்த கிழமை நேரத்துக்கு வாருங்கள், பழகவேண்டும்.”

பின்னேரம் மிருணாளினியிடம் எல்லாவற்றையும் சொன்னான், அவள்மேல் பட்ட எரிச்சலையும் சேர்த்துத்தான். “அது எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை அவன் தோளில் போட்டாள். மூவரும் இறங்கி மெத்ரோ பக்கமாக நடந்தார்கள். யூலை விழாவுக்கு இன்னும் சில நாட்கள்தான். திடீரென்று முன்னால் ஒரு வெடி. பிள்ளை வீரிட்டது. மிருணாளினி பிள்ளையைப் பாராமல் அவனைப் பார்த்தாள்.

அவன் முழங்கால் ஒருதரம் மடங்கியது. மூச்சைப் பாதியில் பிடித்தான். பிறகு பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு, நின்றபடியே, “ஒண்டுமில்லையம்மா, வெடிதான்” என்றான்.