பெட்டியில் கிடந்த மூன்று சீட்டுகள்

பிள்ளைகளே, ஞாயிறு பள்ளியில் உங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மெர்சி டீச்சர் என் மனைவி. நாலு வருஷமாக அவளுக்கு மறதி நோய். "நீங்க யாருங்க?" என்று என்னையே மரியாதையாகக் கேட்பாள்.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். தூக்கமே கிடையாது. தொம்மலூரிலிருந்து மகள் கிரேஸ் போன் பண்ணினால், "நல்லா இருக்கோம்மா" என்பேன். பொய். பால் வாங்கப் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் கடை வாசலில் நின்றிருக்கிறேன். அவளை விழுங்கிய இருட்டு என் பக்கமும் வந்து நிற்பதுபோல இருக்கும். அதை ஆண்டவரிடம்கூடச் சொல்லவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. மெர்சியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஆலயத்துக்கு வந்தேன். ஆராதனை முடிந்தது. வேண்டுதலை எழுதிப் போடும் ஜெபப் பெட்டியைத் திறக்கும் ஸ்டெல்லா மூன்று சீட்டுகளோடு வந்தாள்.

"இன்னாண்ணா, ஆண்டவருக்குக் காது மந்தம்னு நெனச்சிட்டீங்களா? ஒரே நாள்ல மூணு சீட்டு!"

மூன்றும் என் கையெழுத்து. மூன்றிலும், 'மெர்சிக்கு ஞாபகம் திரும்ப வேண்டும்.' ஒன்று எழுதியதுதான் எனக்குத் தெரியும்.

என் முகத்தைப் பார்த்து ஸ்டெல்லா சிரிப்பை நிறுத்தினாள். "அக்கா வூட்ல தனியாவா? அடுப்ப அணைச்சீங்களா அண்ணா?"

தெரியவில்லை.

ஆட்டோவில்தான் முதல்முறையாக எனக்காக ஜெபித்தேன். "ஆண்டவரே, என் புத்தியும் போகிறது. பயமாயிருக்கிறது. அவளைக் காப்பாற்றும்."

பூட்டைத் திறந்தால் வீடெல்லாம் புகை. பால் பாத்திரம் கருகி, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மெர்சி முன்னறையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்தோத்திரம்!

"எங்க வூட்டுக்காரரு கோயிலுக்குப் போயிருக்காரு. வந்து அணைப்பாரு," என்றாள், என்னிடமே.

அன்றைக்கே கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏம்ப்பா மறைச்சீங்க?" என்று அழுதாள். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். காலையில் ஸ்டெல்லா வந்து மெர்சியோடு உட்காருகிறாள், நான் தூங்குகிறேன். தூக்கமில்லாமலும் இப்படி ஆகலாம், நோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். முன்னைக்கு இப்போது தேவலை. ஆனால் ஒரு பெயர் நாக்கில் வர மறுத்தால் உடம்பு சில்லிடுகிறது.

மெர்சிக்கு ஞாபகம் திரும்பவில்லை. ஆனாலும் ஆண்டவர் கேட்டார் என்றே சொல்வேன். நான் ஒளித்த பயத்தை வெளியே எடுத்து, ஆட்களை அனுப்பினார். நீங்களும் பயத்தை ஒளிக்காமல் அவரிடம் சொல்லுங்கள். வீட்டில் நோயாளிக்கு ஜெபிக்கும்போது, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் பெயர் யேசுதாஸ். நானே மறந்துபோனாலும் நீங்கள் சொல்லுங்கள்.