சைகோனுக்கு இருபது கிலோ: வில்லியனூர், பாகூர் வழியாக ஒரு மளிகைப் பயணம்

புறப்படுவதற்கு முந்தைய வாரம் என் நோட்டில் எழுதிக்கொண்ட ஐந்து குறிப்புகள் இவை. இந்தப் பதிவும் அதே வரிசையில்தான் போகும்.

1. எதற்காக, எப்போது.
2. வில்லியனூர்: பருப்பு, வடகம்.
3. பாகூர்: அரிசி. நல்ல பழைய அரிசியை ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். நொய் தேவையில்லை.
4. இருபது கிலோவுக்குள் அடக்குவது.
5. அங்கே கிடைப்பதும் கிடைக்காததும்.

என் மகள் ரெஜினா சைகோனில் இருக்கிறாள். வரைபடத்தில் அது ஹோ சி மின் நகரம். புதுச்சேரிக்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். மாப்பிள்ளை சேவியருக்கு அங்கே ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை கிடைத்து, இருவரும் மே மாதம் குடிபோனார்கள். ஆகஸ்டில் ரெஜினாவுக்கு மூன்றாம் மாதம். மசக்கை கடுமையாக இருந்தது. தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, நான்கு கிலோ இறங்கிவிட்டாள். அந்த ஊர்த் தெருக்களின் மீன் வாசனைக்கே குமட்டுகிறது என்றாள்.

“நான் மட்டும் வந்துடறேன்பா. இங்க எதுவும் எறங்க மாட்டேங்குது” என்று போனில் அழுதாள். அங்குள்ள மருத்துவரோ, இந்த நிலையில் விமானப் பயணம் வேண்டாம், இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவளால் வர முடியாது என்பதால் நான் போவதாக முடிவாயிற்று. என் மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. வேறு ஆள் இருந்திருந்தால் என்னை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் வரைபடம் போட்டவன் நான். சமையலில் எனக்குத் தெரிந்தது சோறு, ரசம், முட்டை. அதற்கு முன் நான் விமானம் ஏறியதும் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை காலை 8.10-க்கு உறுவையாற்றிலிருந்து கிளம்பினேன். எங்கள் தெரு ஏழுமலையின் ஆட்டோ. வில்லியனூர், அங்கிருந்து பாகூர், திரும்ப வீடு, காத்திருப்பதையும் சேர்த்து 700 ரூபாய். பேருந்தில் போகலாம், செலவும் குறைவு. ஆனால் பாகூருக்குப் புதுச்சேரி பேருந்து நிலையம் போய் மாற வேண்டியிருக்கும். அரிசி மூட்டையோடு அது என் வயதுக்குச் சரிப்படாது.

வில்லியனூர் 4 கி.மீ., பதினைந்து நிமிடம். கடைத்தெருவில் நான் வழக்கமாக வாங்கும் மளிகைக் கடையில் என் பட்டியலைக் கொடுத்தேன். துவரம்பருப்பு இரண்டு கிலோ, உளுந்து ஒரு கிலோ, பெருங்காயம், மிளகு, சீரகம், ரசப்பொடி, வடகம் கால் கிலோ. வடகம் என்பது வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து எல்லாம் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் விட்டு உருட்டி, வெயிலில் காயவைப்பது. எங்கள் பக்கம் மீன் குழம்பை அதைக் கொண்டுதான் தாளிப்பார்கள். ரெஜினாவுக்கு உயிர்.

கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “லூசுல வேணாம் சார், பாக்கெட்டாவே எடுத்துக்குங்க. ஏர்போர்ட்ல பிரிச்சுப் பார்த்தா நீங்க இன்னான்னு சொல்லுவீங்க?” என்றார். நல்ல யோசனை. பெயர் அச்சிட்ட உறையில் இருந்தால் கேட்பவருக்கும் காட்டுபவருக்கும் சுலபம். வடகத்துக்கு மட்டும் அப்படி உறை கிடையாது. மூன்று பைகளுக்குள் போட்டு முடிந்து கொடுத்தார். அப்படியும் ஆட்டோவுக்குள் அதன் வாசனை எங்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“பிளேன்ல பக்கத்து சீட்டுக்காரன் செத்தான் சார்” என்றார் ஏழுமலை.

“கீழே போகிற பெட்டியில்தான் வைக்கப்போகிறேன்.”

“அப்போ கீழ கீற பொட்டிங்கல்லாம் செத்துது.”

நான்காவது பை ஒன்று வாங்க வேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் 17 கி.மீ. என்று ஆட்டோ காட்டியது. ஐம்பது நிமிடம். கரிக்கலாம்பாக்கத்தில் டீ குடித்தோம். சாலை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. நடவு வயல்களில் டிராக்டர் ஓடும் நாட்களில் மட்டும் சேறு வழுக்கும், பார்த்துப் போக வேண்டும். பாகூர் ஏரியில் அன்று நடுவில்தான் தண்ணீர் இருந்தது.

அரிசிக்குப் பாகூர்வரை போனதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு சிறிய மில்லில், அறுவடையாகி ஒரு வருடம் ஆன நெல்லைக் கேட்டால் அரைத்துத் தருவார்கள். பழைய அரிசி குழையாது, வயிற்றுக்கும் இதம். மில்லை நடத்துபவர் தனலட்சுமி. ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தவிட்டுத் தூசிக்கு நடுவிலிருந்து இயந்திரத்தை மிஞ்சும் குரலில் பேசுவார். பழைய பொன்னி கிலோ 68 ரூபாய். பத்து கிலோ கேட்டேன்.

“பத்து கிலோவா? சைகோன்ல அரிசி இல்லையா இன்னா?”

“இருக்கும். ஆனால் நம் அரிசி மாதிரி இருக்காது அல்லவா?” என்றேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

மகளுக்கு மசக்கை என்று ஏழுமலை சொல்லிவிட்டார். தனலட்சுமி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். “அத்த மொதல்ல சொல்ல மாட்டீங்களா? சோறு எறங்காது சார். நொய் ரெண்டு கிலோ கட்டித் தரேன். கஞ்சி வச்சு, உப்பு போட்டு, ஆறவச்சுக் குடு. வாசனையே இருக்காது, தங்கிடும்.”

மில்லின் மூலையில், அரைக்கும்போது உடைந்து விழுந்த நொய் குவிந்து கிடந்தது. பக்கத்தில் ஒருவர் கோழிக்கென்று அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் நொய் என்றால் அந்த மதிப்புத்தான். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைப்பார்கள், மிச்சம் கோழிக்கு. விருந்தாளி வீட்டுக்கு யாரும் எடுத்துப்போக மாட்டார்கள். முதல்முறையாக மகள் வீட்டுக்குப் போகிறவன், கடல் தாண்டி நொய்யைச் சுமந்துகொண்டு போய் நிற்பதா?

“வேண்டாம்மா. மாப்பிள்ளை என்ன நினைப்பார்?”

“வாந்தி எடுக்கறது மாப்பிள்ளையா, பொண்ணா?”

ஏழுமலை சிரித்தார். நொய் அள்ளிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. “எடை கூடிவிடும்” என்று ஏதோ முனகிவிட்டு, பத்து கிலோ பொன்னியை மட்டும் ஏற்றச் சொன்னேன். “படிச்சவங்க சொன்னா சரிதான்” என்று அவர் மறுபடி இயந்திரத்தைப் போட்டுவிட்டார். மதியம் 12.40-க்கு வீடு.

எடையைப் பற்றி. என் விமானப் பயணச்சீட்டில் பெட்டிக்கு 20 கிலோ, கையில் 7 கிலோ. கொக்கித் தராசு ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன், அவசியம் வாங்குங்கள். முதல் முறை 23.4 காட்டியது. இரண்டு பேன்ட், நான்கு சட்டை, ஒரு போர்வையை வெளியே எடுத்ததும் 19.8-க்கு வந்தது. அரிசியில் ஒரு பிடி குறைக்கவில்லை. உணவுப் பொருள் கொண்டுபோவதற்கான விதிகளை அந்தந்த நாடும் விமான நிறுவனமும் அவ்வப்போது மாற்றலாம். நான் விமான நிறுவனத்துக்கு இரண்டு முறை போன் செய்து கேட்டுக்கொண்டேன். சந்தேகமானால் இறங்கிய இடத்தில் நீங்களே பெட்டியைக் காட்டிவிடுங்கள். நான் காட்டினேன். அங்கிருந்த அதிகாரி வடகப் பையை மூக்கருகே கொண்டுபோனார், என்னை ஒருமுறை பார்த்தார், போகலாம் என்று கை காட்டினார்.

ரெஜினா வீடு பன்னிரண்டாவது மாடியில். கதவைத் திறந்தவள் என் தோளில் சாய்ந்தாள். எலும்பு தட்டியது. சேவியர் பெட்டியைத் திறந்ததும் வடகம் தன் வேலையைக் காட்டியது. அவள் குளியலறைக்கு ஓடினாள். அவளுக்கு உயிரான வடகம் அன்றிலிருந்து பால்கனியில் குடியிருந்தது.

அரிசியை வடித்தேன். இரண்டு வாய் தங்கவில்லை. மறுநாள் ரசம் சோறு, அதுவும் வந்துவிட்டது. மூன்றாம் நாள் குழைய வடித்தேன். பழைய பொன்னி குழைய மறுத்தது. அதற்காகத்தானே தேடி வாங்கினேன்! அன்று மாலை சேவியர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மறுநாள் பகல் இரண்டு மணிக்கு நேரம் வாங்கினார்.

நான்காம் நாள் காலை ரெஜினா சோபாவில் படுத்தபடி கேட்டாள்: “அப்பா, காய்ச்சல் வந்தா அம்மா ஒரு கஞ்சி வச்சுத் தருமே. நொய் எடுத்துக்கினு வந்தியாப்பா?”

சமையலறைக்குப் போய்ப் பொன்னியை மிக்சியில் போட்டு ஒரு சுற்று விட்டேன். பாதி மாவாகிவிட்டது. காய்ச்சியபோது போஸ்டர் ஒட்டுகிற பசைபோல் வந்தது. எட்டிப் பார்த்த சேவியர், “கீழே ஒரு அரிசிக் கடை இருக்கு மாமா, வாங்க” என்றார்.

வாசலிலிருந்து 240 அடிதான், எண்ணிக்கொண்டே நடந்தேன். திறந்த தொட்டிகளில் பதினாறு வகை அரிசி, ஒவ்வொன்றிலும் விலை எழுதிய அட்டை. நான்காவது தொட்டியில் நொய். சுத்தமாகச் சலித்த, வெள்ளை வெளேரென்ற நொய். கிலோ இருபதாயிரம் டாங், நம் பணத்தில் ஏறக்குறைய 67 ரூபாய். பக்கத்துத் தொட்டியிலிருந்த முழு அரிசியைவிட அதிகம். நான் திகைத்து நின்றதைப் பார்த்து சேவியர் சிரித்தார். “இந்த ஊர் பேர் வாங்கினதே நொய்ச் சோத்துலதான் மாமா. மேல சுட்ட பன்றிக்கறி வச்சுத் தருவாங்க. ஆபீஸ்ல எல்லாரும் அதுதான். நானும் தினம் அதைத்தான் சாப்பிடறேன்.”

மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்று நான் பயந்தது நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு கிலோ வாங்கிவந்து, ஒரு பங்கு நொய்க்கு எட்டுப் பங்கு தண்ணீர் வைத்து, உப்புப் போட்டு ஆறவைத்தேன். 10.20-க்கு ரெஜினா அரை டம்ளர் குடித்தாள். நானும் சேவியரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். 10.40. 11.00. அவள் எழுந்து ஓடவில்லை. 11.15-க்கு, “இன்னும் இருக்காப்பா?” என்றாள். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, குடிப்பது இப்படித் தங்கினால் குளுக்கோஸ் வேண்டாம், இரண்டு நாள் பார்ப்போம் என்றார். பிறகும் குளுக்கோஸ் தேவைப்படவில்லை. ஊருக்கு வந்துவிடுகிறேன் என்ற பேச்சையும் அவள் மறுபடி எடுக்கவில்லை. நானும் அவளோடு நொய்யையே சாப்பிட்டு, ஐந்து வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன்.

அங்கே குடிபோகிறவர்களுக்கு நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். துவரம்பருப்பு, உளுந்து, பெருங்காயம், ரசப்பொடி கொண்டுபோங்கள். இந்தியக் கடைகளில் கிடைக்கும், ஆனால் தூரம், விலையும் கூட. கறிவேப்பிலையை நிழலில் காயவைத்து எடுத்துப்போங்கள். புளி, தேங்காய், வாழைப்பூ, கொத்தமல்லி, தோல் நீக்கிய பாசிப்பருப்பு எல்லாம் சாதாரணச் சந்தையிலேயே இருக்கின்றன. முருங்கைக்கீரைகூடப் பார்த்தேன். கருவாட்டுக்குத் தனிக் கடைகள் உண்டு, பெட்டியில் வேண்டாம். வடகம் எடுத்துப்போவது வீட்டில் மசக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. போய்ச் சேர்ந்த முதல் நாளே வீட்டுக்குக் கீழே உள்ள அரிசிக் கடைக்கு ஒரு நடை போய்வாருங்கள். நான் நான்காவது நாள் போனேன்.

திரும்பி வந்த வாரம் பாகூருக்குப் போய் தனலட்சுமியிடம் நடந்ததைச் சொன்னேன். “காசு குடுத்தா வாங்குனீங்க? நான் சும்மா தரேன்னேன்” என்றார். அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று என் காதில் விழுந்திருக்காது.

பத்து கிலோவில் எட்டரை கிலோ பொன்னி இன்னும் ரெஜினா வீட்டில்தான் இருக்கிறது. மேலே மூன்றாம் எண்ணில் நான் எழுதியிருப்பது தவறு.