வினிஃப்ரெட் வாசித்த சாட்சியம்

லிங்கன் நகர நீதிமன்றத்துச் சுருக்கெழுத்தாளர் வினிஃப்ரெட் ஆட்டவே என்பவள், ஈ தும்மினாலும் எழுதிவிடுவாள். 'வெர்பாட்டிம்' என்பதுதான் அவள் தொழிலின் சட்டம். சொல்லைக் குறிக்கும் லத்தீன் வார்த்தையோடு ஒரு விகுதியை ஒட்டினால், 'சொல்லுக்குச் சொல்' என்றாகிவிடும்.

அன்று கூண்டில் நின்றவன் அவள் தங்கை மேபலின் கணவன். நள்ளிரவில் பக்கத்துப் பண்ணையின் வைக்கோல் போருக்குத் தீ வைத்தான் என்று வழக்கு. வேறு சுருக்கெழுத்தாளர் ஊரில் இல்லை.

"தீப்பிடிச்ச அன்னிக்கு உம் புருஷன் எப்பம்மா வீடு திரும்புனாரு?" என்று சாட்சி சொல்ல வந்த மேபலைக் கேட்டார் வக்கீல்.

"விடியக்காலைல... ஐயோ, இல்லீங்க, சாயங்காலமே வந்துட்டாரு!" மேபல் பதறித் திரும்பினாள். "முதல்ல சொன்னத எழுதிடாதக்கா!"

"வாசிங்கம்மா," என்றார் நீதிபதி.

வினிஃப்ரெட் எழுந்து விடியற்காலையை வாசித்தாள், சாயங்காலத்தை வாசித்தாள். "எழுதிடாதக்கா" என்பதையும் குரல் நடுங்காமல் வாசித்தாள்.

அவன் சிறைக்குப் போனான். மேபல் அதன்பின் அவளிடம் வாய் திறக்கவே இல்லை.