பக்கத்து மேஜைக்காரர்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்கிற சின்ன யூனிட் என்னுடையது. மனைவி இறந்த பிறகு வீட்டில் நான் ஒருத்தன்தான். டீக்கடையில் நாலு வார்த்தை, வேலையாட்களிடம் நாலு வார்த்தை, அதோடு அன்றையப் பேச்சு முடிந்துபோகும். காலையில் வீட்டைப் பூட்டும்போது 'போயிட்டு வரேன்' என்று வாய் வரைக்கும் வரும், சொல்வதற்கு உள்ளே ஆள் இல்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்த சமயத்தில்தான் கடலூரில் ஒரு துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தேன். காற்றழுத்தத்தில் சுடுகிற பிஸ்டல், பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அவ்வளவுதான் விளையாட்டு. மாவட்ட அணியில் எடுத்துக்கொண்டால் நாலைந்து பேரோடு சேர்ந்து ரயிலேறி வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகலாம் என்றார் கோச் செல்வம். பதக்கமெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த நாலைந்து பேர் வேண்டும், யாராவது 'சாப்டீங்களா' என்று கேட்க வேண்டும், அதுதான்.

அணிக்கு வர சொந்த பிஸ்டல் வேண்டும். புதுசா, பழசா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். புதுசில் சிலிண்டரில் காற்றை அடைத்துவிட்டால் சுட்டுக்கொண்டே இருக்கலாம், பிடியை நம் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பழசில் ஒவ்வொரு தடவையும் லிவரை இழுத்து மூட வேண்டும், உள்ளே வாஷர் போனால் மாற்று கிடைக்காது. ஆனால் பழைய இரும்புக்கு ஒரு கனம் உண்டு பாருங்கள், கையில் வாங்கினால் கீழே வைக்க மனசு வராது. கருவேப்பிலங்குறிச்சியில் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ரிட்டயர்டு டிரில் மாஸ்டர் ஒருவருடையது, அவர் தவறிவிட்டார். விற்கவும் மனசில்லாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் அவர் மனைவி பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். எடுத்துட்டுப் போயி சுட்டுப் பாருங்க தம்பி, புடிச்சா வெச்சிக்குங்க, இல்லன்னா கொண்டாந்து குடுத்துடுங்க என்றார்கள்.

யூனிட்டில் அச்சுகள் அடுக்கி வைக்கிற நீளமான ஷெட் ஒன்று உண்டு. ஞாயிறு மதியம் அங்கே ஈ காக்கை இருக்காது. மேஜை போட்டு, அட்டை மாட்டி, ஒரு குண்டு சுட்டுவிட்டுக் கையை இறக்குகிறேன், இடது பக்கத்தில் லிவர் மூடுகிற சத்தம். டக். கொஞ்சம் பொறுத்து, பட் என்று ஒரு வெடி. எதிரொலி என்றுதான் நினைத்தேன், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேறு. சரி, பார்த்துவிடுவோம் என்று சுடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போதும் டக். கொஞ்சம் பொறுத்து, பட். எதிரொலிக்கு முதலில் ஒரு ஒலி வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

ஓடிவந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். ஓடவில்லை. கிளப்பில் பக்கத்து மேஜைக்காரர் சுடும்போது அசையாமல் நிற்பது மரியாதை, அப்படி நின்றேன். அவர் முடித்தால் நான், நான் முடித்தால் அவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனைவி போனதற்குப் பிறகு அவ்வளவு நிம்மதியாக ஒரு மதியம் எனக்குக் கழிந்ததில்லை. கிளம்பும்போது என்னை அறியாமல் 'போயிட்டு வரேன்' என்றேன். காலி ஷெட்டுக்குள்ளிருந்து 'ம்' என்று ஒரு ஆம்பளைக் குரல் வந்தது.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் போனேன். களிமண் லாரி வராதது, கரண்டு போனது, எல்லாவற்றையும் அவரிடம் சொல்வேன். ஒரு தடவை பழசை வீட்டில் வைத்துவிட்டு கிளப்பின் புது பிஸ்டலைக் கொண்டுபோனேன், அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அட்டையைப் பார்த்தால் புதுசில் குண்டெல்லாம் நடுவில் விழுந்திருந்தன. பழசில் காற்று கசிந்து கீழே கீழே இறங்கின. செல்வம் பார்த்துவிட்டு, "சார், இது ஷோகேஸ்ல வைக்கிறது. டீமுக்கு வரணும்னா புதுசு வாங்குங்க, இல்லன்னா வூட்லயே தனியா சுட்டுக்கிட்டு இருங்க" என்றார். தனியா என்றது சுருக்கென்று தைத்தது. உயிரோடு இருக்கிற நாலு பேரா, சத்தம் மட்டும் இருக்கிற ஒருத்தரா? புதுசுக்குச் சொல்லிவிட்டேன்.

கடைசி ஞாயிறு. 'போயிட்டு வரேன்' என்று சொன்னால் மனிதர் நம்பிக் காத்துக்கொண்டிருப்பாரே என்று எனக்குச் சங்கடம். ரொம்ப யோசித்து, நம் பக்கத்தில் யாரும் வாசலில் நின்று சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். "போறேங்க." லிவரைத் திறந்து துப்பாக்கியை மேஜையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சுட்டு முடித்தவர்கள் அப்படித்தான் வைப்பார்கள்.

மறுநாள் கருவேப்பிலங்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்கள்.

"அவரு வரலீங்களா தம்பி?"

யாருங்கம்மா என்றேன். மாஸ்டர் தவறிய பிறகும் தினம் சாயங்காலம் கொல்லையில் சுடுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்ததாம். துப்பாக்கி உங்களோட போனதும் நின்னுபோச்சு, அதோட கூடவே போயிடுவாருன்னு எனக்குத் தெரியாதுங்க, திரும்பி வந்துடுவாருன்னு பாத்துக்கினு இருந்தேன் என்றார்கள். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. நான் போறேன்னு சொல்லிட்டேங்கம்மா என்றேன்.

அந்தம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். "போறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா தம்பி?" குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அணியில் சேர்ந்துவிட்டேன், நல்ல ஆட்கள், சிரிப்பும் பேச்சுமாகத்தான் போய் வருகிறோம். ஆனால் கொல்லையில் சத்தம் திரும்பவில்லையாம், ஷெட்டிலேயே இருக்கிறாரோ என்று ஞாயிறு மதியமானால் அந்தம்மா போன் செய்வார்கள். நான் ஷெட்டுக்குள் போய் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைப்பேன். ஏதாச்சும் கேக்குதுங்களா என்பார்கள், இல்லீங்கம்மா என்பேன். இரண்டு பேரும் பேசாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்போம்.

போன ஞாயிறும் அப்படித்தான். போனை மேஜையில் வைத்துவிட்டு, பழைய அட்டை ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததால் அதைக் கழற்றப் போனேன். ஷெட்டில் ஒரு சத்தம் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

"கேக்குதுங்க" என்றார்கள் அந்தம்மா, ரொம்ப மெதுவாக. அப்புறம், "தள்ளி நில்லுங்க தம்பி, அவரு சுடறாரு."

நான் அட்டைக்கு நேரே நிற்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தள்ளித்தான் நின்றேன்.