சைலன்சரில் சந்தனம்

என் விமான நிலையத்தைத் தோண்டிச் செங்கல்லாக அறுக்கப்போகிறார்கள் என்ற செய்தியை, நவராத்திரிச் சுண்டலோடு சேர்த்து என் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள்.

விமான நிலையம் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், எங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கீழே, பயிர் வைக்காத நீளமான தரிசு ஒன்று இருக்கிறது. ஆடுகள் மேய்ந்து மேய்ந்து புல்லை ஒரே மட்டத்தில் வைத்திருக்கும். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிற ஒப்பந்தக்காரரை என் உத்தியோக காலம் முழுவதும் நான் சந்தித்ததில்லை. ரிமோட்டில் பறக்கும் என் மாதிரி விமானம் ஓடி ஏறுவதற்கும், பெரும்பாலும் முழுசாக வந்து இறங்குவதற்கும், சுற்று வட்டாரத்தில் அந்த ஒரு துண்டு நிலம்தான் தோது. மற்றதெல்லாம் நெல், இல்லையென்றால் முள்.

நிலம் என் மனைவியின் தாய்மாமனுடையது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் மண்ணுக்காக அதைக் கேட்டிருக்கிறார். நான் சுண்டலை வைத்துவிட்டு நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவருடைய இடுப்புக்கும் அந்த நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவில் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜின் தகடு கூட நுழையாது.

"மாப்ள, சூளக்காரன் நல்லவன்தான். ஆனா நீயும் கேக்கற. ஒண்ணு பண்ணலாம். ஆயுத பூசைக்கு மறுநாள் விஜயதசமி, நல்ல நாளு. எம்முன்னாடி பறக்க வுடு. அந்த சத்தம் எங்காதுக்கு நல்லா இருக்கணும், அது மேல நின்னு சுத்தணும். சுத்திச்சின்னா நெலம் உனுக்கு. நடுவுல புஸ்ஸுன்னு போச்சின்னா அவனுக்கு. இன்னா சொல்ற?"

சத்தத்தை ஏன் சேர்த்தார் என்பது எனக்குத் தெரியும். கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்னால் அவர் கிணற்றில் ஒரு ஆயில் என்ஜின் இருந்தது. என் விமானத்தில் இருப்பதும் அதே சாதிதான்: ஃபோர் ஸ்ட்ரோக் என்கிற நான்கு வீச்சு என்ஜின், என் முஷ்டி அளவு. இரண்டு வீச்சு என்ஜின் கொசுவைப் போல வீறிடும். இது அப்படியில்லை, நிதானமாக நெஞ்சிலிருந்து பேசும். ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு மாமா, "நம்ம கேணி என்ஜினுக்குக் கொயந்த பொறந்தா மாரி கீதே" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது.

ஒப்புக்கொண்டு வந்தேன். எனக்குப் பயமே இல்லை. ஒரு பெரிய ஆலையின் பராமரிப்புத் துறையில் தலை நரைத்தவன் நான். இயந்திரத்தை எந்த வரிசையில் கழற்றுவது, எந்த வரிசையில் பூட்டுவது, எந்த நேரத்தில் தேநீர் குடிக்கப் போய்விடுவது என்பதற்கெல்லாம் விதிமுறை எழுதியவன். முஷ்டி அளவு என்ஜின் எனக்கு எம்மாத்திரம்?

பூசைக்கு முந்தைய நாட்களில் அதைக் கல்யாணப் பெண்ணைப் போலத் தயார் செய்தேன். மேல் மூடியைத் திறந்து, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கிறதா என்று பார்த்து, வால்வைத் தட்டித் திறக்கிற டேப்பெட்டின் இடைவெளியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு லேசாக உரசிக்கொண்டு போகிற அளவுக்குத் திருகை வைத்தேன். எரிபொருளைப் பற்றவைக்கிற குளோ பிளக்கைப் புதிதாக மாட்டினேன். மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த எரிபொருளைப் புதிதாகக் கலந்தேன். ரப்பர் குழாய்களை எல்லாம் கழற்றிக் கழுவிக் காயப்போட்டேன். என்ஜின் பளபளவென்று நின்றது. என் மனைவி எட்டிப் பார்த்து, "வூட்ல குக்கரு இப்பிடி மின்னி நான் பாத்ததே இல்ல" என்றாள்.

ஆயுத பூசை அன்று தகராறு வந்தது. அரிவாள்மணை, கத்தரிக்கோல், மிக்சி, ஸ்கூட்டர் வரிசையில் விமானமும் உட்கார வேண்டும் என்றாள்.

"அது இறக்குமதி என்ஜின். அதுக்குச் சந்தனமெல்லாம் தெரியாது."

"மிக்சிக்கே பொட்டு வெக்கறோம். உங்க பிளேனு இன்னா மேலருந்து வந்துச்சா?"

"மேலே போகப்போகுது."

"அப்ப கண்டிப்பா வெக்கணும்."

வைத்தாள். இறக்கைக்கு, வாலுக்கு, சக்கரங்களுக்கு, என்ஜினில் எது எது துருத்திக்கொண்டிருந்ததோ அது அத்தனைக்கும். முதலில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பூசை முடிந்தால் மறுநாள் காலை வரை கருவிகளைத் தொடக் கூடாது. இந்த விதியில் மட்டும் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் ஆலையில் 'ரிப்பேர் நடக்கிறது, தொடாதே' என்று சிவப்பு அட்டை கட்டித் தொங்கவிட்டாலும் எவனாவது வந்து சுவிட்சைப் போடுவான். இங்கே ஒரு சந்தனப் பொட்டு வைத்தால் ஊரே தள்ளி நிற்கிறது. நானும் தள்ளி நின்றேன். அன்று ஓட்டிப் பார்க்கும் வேலையை விட்டேன்.

விஜயதசமி காலையில் விமானத்தை ஈரத்துணியால் துடைத்துக் குழாய்களை மாட்டி, ஸ்கூட்டரில் மனைவி மடிமீது வைத்துக்கொள்ள, தரிசுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா நாற்காலியும் குடையுமாக ஏற்கெனவே இருந்தார், சரியாக விமானத்தின் விசிறிக்கு நேர் எதிரே. விசிறிக்குப் பின்னால்தான் எல்லோரும் நிற்க வேண்டும் என்பது முதல் விதி. அவரை நாற்காலியோடு நகர்த்துவதற்கே எனக்கு மூச்சு வாங்கியது.

சூளைக்காரர் பைக்கில் வந்தார். வரும்போதே டேப்பெட் கடகடவென்று அடித்துக்கொண்டது. கேட்கவே எனக்குப் பல் கூசியது. கையில் ஒரு தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம். மாமாவிடம் பேசி முடித்துத் தாம்பூலம் மாற்றிக்கொண்டு போகிற நம்பிக்கையில் இருந்தார்.

"வணக்கம் சார். பறக்குமா?"

"பறக்கும்."

"பறக்கட்டும் சார். நானும் பிளேன கிட்ட பாத்ததில்ல."

பிளக்குக்குப் பேட்டரி கொடுத்து, ரப்பர் சுற்றிய குச்சியால் விசிறியைத் தட்டினேன். முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது. டுப்டுப்டுப்டுப். மாமா குடையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். முகத்தில் ஒரு புன்னகை பரவியது. நான் முழு வேகத்துக்குத் தள்ளினேன். என்ஜின் கணீரென்று ஏறியது, கொஞ்ச நேரம் பாடியது, திடீரென்று குரல் மெலிந்து கீச்சிட்டு நின்றது.

"இன்னா மாப்ள, இருமறா மாரி கீது?"

"கலவை கொஞ்சம் வறட்சி மாமா. ஊசியைத் திறந்தால் சரியாகிவிடும்."

எரிபொருள் அளவை ஆளுகிற ஊசித் திருகை இரண்டு சொடுக்குத் திறந்தேன். எரிபொருள் குழாயைக் கழற்றி அதன் வழியாக டாங்கை நிரப்பினேன். முதல் தட்டிலேயே மறுபடி பிடித்தது. மறுபடி பாடியது. மறுபடி செத்தது. இன்னும் இரண்டு சொடுக்கு. கொஞ்சம் புகையைக் கக்கிவிட்டுச் செத்தது.

இதற்கு ஒரு விதிமுறை இருக்கிறது. நான் அதன் ஒவ்வொரு படியிலும் இறங்கினேன். பிளக்கை மாற்றினேன். மேல் மூடியைத் திறந்து வால்வுகளைப் பார்த்தேன். பூட்டினேன். வடிகட்டியைக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் அதே கதை: அழகாகப் பிடிக்கும், நம்பிக்கை வரும்வரை ஓடும், நம்பிக்கை வந்தவுடன் நிற்கும். கடைசியாக நின்றபோது பின்பக்கமாக உதைத்து, விசிறியின் நட்டு தெறித்துப் புல்லுக்குள் போய்விட்டது. ஆடுகள் தலை நிமிர்ந்து பார்த்தன. சூளைக்காரர் மரியாதையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"நம்ம வண்டி நின்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணிருவோம் சார். இத்தயும் ஏரிக்கரை மேலருந்து தள்ளிப் பாக்கலாமா?"

"தள்ளலாம். கூடவே உங்களையும் தள்ளலாம்."

"கோச்சிக்காதீங்க சார். எனக்கு மண்ணு போதும்."

மாமா வெற்றிலைத் தட்டைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வருகிற சிரிப்பு. இந்தத் தரிசில் ஜேசிபி நிற்கிற காட்சியும், பள்ளத்துக்குள் என் விமானம் தலைகீழாக இறங்குகிற காட்சியும் மாறி மாறி வந்தன.

"இன்னொரு வாட்டி. இதான் கடைசி" என்றார் மாமா.

தட்டினேன். பிடித்தது. முழு வேகம். அப்போது என் மனைவி மூக்கைச் சுருக்கினாள்.

"ஏங்க, இன்னா இது கோயில் வாசன?"

எனக்கும் வந்தது. கருகுகிற ஆமணக்கெண்ணெய் நாற்றத்துக்குள்ளிருந்து, கருவறைக் கதவைத் திறந்ததுபோல, சுடச்சுடச் சந்தனம். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சகுனம் நல்லாதான் கீது, என்ஜின்தான் பேஜாரு பண்ணுது." அந்தச் சமயம் பார்த்து என்ஜின் நின்றது.

நான் மண்டியிட்டு முகர்ந்தேன். டாங்குக்குப் போவது இரண்டே குழாய்கள். ஒன்று எரிபொருளை என்ஜினுக்குக் கொண்டுபோகும். மற்றொன்று சைலன்சரில் துருத்தி நிற்கும் பித்தளை மூக்கில் மாட்டியிருக்கும். அதன் வழியாகப் புகையின் அழுத்தம் டாங்குக்குள் வந்து எரிபொருளைத் தள்ளிவிடும். அந்த இரண்டாவது குழாயைப் பிடுங்கினேன். டாங்க் 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்துக்கொண்டது. பித்தளை மூக்கின் துளையில், நல்ல சுடுமண் போல வெந்து, சந்தனம். நடுவில் கச்சிதமாகக் குங்குமம்.

மூடின பாட்டிலில் உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்கிற கதை. முதலில் கொஞ்சம் வரும், பிறகு பாட்டில்தான் ஒடுங்கும். டாங்கை நிரப்ப நான் எரிபொருள் குழாயைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே போய், என்ஜின் புதிதாகப் பிறந்ததுபோல் ஓடியிருக்கிறது. நான் எழுதிய எந்த விதிமுறையிலும் 'பொட்டு இருக்கிறதா என்று பார்க்கவும்' என்ற படி இல்லை.

"நீ வெச்ச பொட்டு!" என்றேன்.

"துருத்திக்கினு இருந்திச்சி, வெச்சேன். மூக்குன்னு நீங்கதான சொல்றீங்க? மூக்குக்கு மேலதான பொட்டு வெப்பாங்க? தொடைச்சது யாரு? ஒயுங்கா தொடைக்கறதுக்கு இன்னா?"

"ஊக்கு இருக்கா?" என்று கையை நீட்டினேன். அவள் வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். குத்தினேன், விரலைச் சுட்டுக்கொண்டேன், மறுபடி குத்தினேன். குழாயை வாயில் வைத்து ஊதினேன். வாய் முழுக்கச் சந்தனமும் ஆமணக்கெண்ணெயும். இப்படியொரு பிரசாதத்தை எந்தக் கோயிலிலும் கொடுக்க மாட்டார்கள்.

ஊசியைப் பழைய இடத்துக்குத் திருப்பித் தட்டினேன். பிடித்தது. முழு வேகம். ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை லேசாகக் கிள்ளினேன்; குரல் அரை சுருதி உயர்ந்து இறங்கியது, கலவை சரி. விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன். குரல் அசையவில்லை. பாடியது.

"போலாமா மாமா?"

"இரு இரு. எலுமிச்சம்பயம் எங்க? புது வண்டின்னா சக்கரத்துல நசுக்காம எப்பிடிப் போறது?"

சூளைக்காரர் உடனே தன் தட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்து நீட்டினார். அவர் நல்லவர் என்பதை அப்போதுதான் நம்பினேன். ஆனால் ஒவ்வொரு பழமும் என் விமானத்தின் சக்கரத்தைவிடப் பெரிது.

"இதில் ஏற முடியாது மாமா. மூக்கு தரையில் குத்திவிடும்."

"ஏறலன்னா பறக்க மட்டும் எப்பிடிப் பறக்கும்?"

என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எரிபொருள் கரைந்துகொண்டிருக்க, நாங்கள் எலுமிச்சம்பழ அளவைப் பற்றி விவாதித்தோம். என் மனைவி பழத்தை நகத்தால் பிளந்தாள். விதைகளை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்தாள்.

"இதுவும் எலுமிச்சம்பயம்தான் மாமா. இன்னும் வளரல."

மாமா கொஞ்சம் யோசித்து, தலையை ஆட்டினார். விதைகள் நசுங்கின. விமானம் ஆட்டுப்புல்லில் குதித்து ஓடி, எழும்பி, ஏரிக்கரைப் பனைகளைத் தாண்டி ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் ஆகாது. கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின. வெள்ளை இறக்கையும் வெள்ளைக் கொக்கும் வெயிலில் கலந்து, எது என்னுடையது என்று ஒரு கணம் தெரியவில்லை. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கண்டுபிடித்தேன். ஒரு வட்டம், இன்னொரு வட்டம். தலைகீழாக ஒரு கரணம் போட வைத்தேன். நான் கத்தினேன் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். குதித்தேன் என்றும் சொன்னாள். குதிக்கிற வயதில்லை எனக்கு. ஆனால் செருப்பில் ஒன்று அப்புறம் தூரத்தில் கிடந்தது.

"இன்னொரு கரணம்! மாப்ள, இன்னொண்ணு!"

மாமா எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியும் அவரோடு எழுந்துவிட்டது. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டே கையைத் தட்டினார். சூளைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து சுற்றிக்கொண்டிருந்தார்.

இறக்கினேன். புல்லில் இரண்டு துள்ளல், அப்புறம் ஓட்டம், அப்புறம் சமர்த்தாக எங்கள் முன்னால் வந்து டுப்டுப் என்று நின்றுகொண்டே ஓடியது. நிறுத்தப் போனேன். மாமா கையைப் பிடித்தார்.

"நிறுத்தாத. கொஞ்சம் கேக்கட்டும்."

கேட்டார். நாற்காலியோடு குனிந்து கேட்டார். பிறகு நானும் சூளைக்காரருமாக நாற்காலியைப் பிடித்து இழுக்க, உள்ளிருந்து வெளியே வந்தார். நேராகத் தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து, அது யார் கொண்டுவந்தது என்ற கவலையே இல்லாமல், என் கையில் வைத்தார்.

"அடுத்த ஆயுத பூச வரைக்கும் நெலம் உனுக்கு. ஆனா பொட்டு வெக்கறத வுட்றாத. அந்த வாசன வரணும்."

நான் சூளைக்காரரைப் பார்த்தேன். அவருடைய தட்டு, அவருடைய வெற்றிலை.

"பரவால்ல சார். மண்ணுக்கு சாலவாக்கத்தாண்ட வேற எடம் பாத்து வெச்சிகிறேன்" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "நம்ம வண்டிகூட தடதடன்னு அடிச்சிக்கினே கீது. நீங்க கொஞ்சம் பாப்பீங்களா?"

"டேப்பெட். வரும்போதே கேட்டேன். ஆனால் சூட்டில் அளக்கக் கூடாது. என்ஜின் நன்றாக ஆறணும்."

"ஆற எம்மா நேரம் ஆவும்?"

"ஆகும்" என்றேன், வெற்றிலையை மடித்து வாயில் போட்டபடி.

மாமா நாற்காலியைத் துடைத்து மறுபடியும் உள்ளே இறங்கினார்.

"அதுவரைக்கும் சும்மாவா குந்திக்கினு இருப்போம்? இன்னொரு வாட்டி வுடு மாப்ள."

மனைவி அடுத்த பழத்தைப் பிளந்து விதையைத் தேட ஆரம்பித்தாள்.