துருக்கிப் பாட்டும் இரண்டு மணி ஜீப்பும்

போன ஞாயிறு மாலை ஏழு மணிக்குச் சேலத்தில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அப்பா இல்லாததால் தட்டு மாற்ற வேண்டியவன் நான். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க மலைத்தேன் வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று காலையில் கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். என் புத்தியை என்ன சொல்ல!

கள்ளக்குறிச்சியில் எட்டரைக்கு ஷேர் ஜீப். மலைமேல் இருக்கும் கரியாலூருக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு எண்பது ரூபாய். ஓட்டுநர் பெயர் சலீம் பாய். அவருடைய தம்பி துபாயில் துருக்கிக்காரர் ஓட்டலில் வேலை பார்த்தபோது பென் டிரைவில் ஒரு பாட்டு கொடுத்தனுப்பியிருக்கிறார். அந்த நாட்டில் சோகப் பாட்டுக்குப் பேர்போன ஒருவர், பிரபலமாகும் முன் பாடியதாம். பின்னாளில் அவர் பாட்டில் வயலின் பட்டாளமே சேர்ந்துவிட்டதாம். இதில் ஒரு நரம்பு வாத்தியமும் நாட்டுப்புறக் குரலும் மட்டும். முதல் தடவை உருக்கமாகத்தான் இருந்தது. வடக்கனந்தல் தாண்டியும் அதே பாட்டு. கொண்டை ஊசி வளைவுகளிலும் அதே பாட்டு. பென் டிரைவில் வேறு பாட்டே கிடையாது!

“பாய், கொஞ்சம் நிறுத்துங்களேன். தலை வலிக்குது.”

“இன்னா சார், புடிக்கலையா? மலைக்கே புடிச்ச பாட்டு சார் இது.” முகம் வாடி நிறுத்தினார்.

தேன் இரண்டு பாட்டில் வாங்கினேன், அருவியில் குளித்தேன். திரும்ப இரண்டு மணி ஜீப். ஒன்றரைக்கே மேட்டில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து சாலை தெரியாது. மூட்டைகளோடு இன்னும் ஐந்து பேர் காத்திருந்தார்கள். இரண்டே கால் ஆயிற்று.

“வண்டி ஏம்மா இன்னும் வரல?” என்றேன் கடைக்கார அம்மாவிடம்.

“பாட்டு கேக்கலையே. கேட்டாதான் எல்லாரும் ரோட்டுக்கு எறங்குவாங்க. அந்த வண்டில அடிக்க ஆரனே கெடையாதுங்க.”

கீழே ஓடினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் நிதானமாகச் சொன்னார்: “அப்பவே பூடுச்சுங்க. பாட்டே போடாம அஞ்சு நிமிசம் நின்னுக்கினு இருந்தாரு. யாரும் வரல, கெளம்பிட்டாரு.”

பின்னாலேயே இறங்கி வந்த ஐவரில் ஒருவர், “எந்தப் புண்ணியவான் பாட்ட நிறுத்தச் சொன்னான்?” என்றார். நான் அடுத்த ஜீப் எப்போது என்று விசாரித்தேன்.

அடுத்த ஜீப் ஐந்து மணிக்கு. அதே சலீம் பாய், சத்தமே இல்லாமல் வந்து நின்றார். “உங்களுக்காவதான் சார் பாட்ட நிறுத்தி வெச்சிருக்கேன்,” என்றார் பெருமையாக.

ஐந்து தலைகளும் என் பக்கம் திரும்பின.

“போடுங்க பாய்,” என்றேன்.

சேலம் சேர ஒன்பதேகால். மாமா தட்டு மாற்றி முடித்திருந்தார். துருக்கிப் பாட்டு என்று காரணம் சொன்னேன். “சாக்குச் சொல்லவும் ஒரு அளவு வேண்டாமா?” என்றார்.

போகிறவர்களுக்கு: என் போனுக்கு மேலே டவர் கிடைக்கவில்லை. சாலையிலேயே நில்லுங்கள். ஜீப்பில் எந்தப் பாட்டு ஓடினாலும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். தங்கை இன்னும் என்னோடு பேசவில்லை. தேன் பாட்டில் இரண்டும் என் வீட்டில்தான் இருக்கின்றன.