லூர்துபிரகாஷ் முடிக்காத ஆட்டங்கள்

எந்த கேமானாலும் சரி, கடைசிக் கட்டம் வந்ததும் லூர்துபிரகாஷ் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து அதை அழித்தும் விடுவார். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அதன் வாசலில் பூ விற்கும் பாக்கியலட்சுமியின் மகள் சுடர்விழி, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இதைப் பார்த்துவந்தாள்.

கல்லூரியில் சேர்ந்த வருடம்தான் காரணம் கேட்டாள். காசு கொடுக்காமல் ஆடும்படி கிராக் பண்ணின கேமோடு, அதன் பூட்டை உடைத்த கூட்டம் ஒரு குறிப்பும் வைத்திருக்கும்: 'பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள்.' ஊரில் யாரும் அதைத் திறப்பதில்லை. இவர் திறந்து படித்துத் தொலைத்துவிட்டார். மனசு உறுத்த, வில்லியனூர் மாதாவிடம் பொருத்தனை பண்ணிக்கொண்டார்: முழுசாக முடித்த கேமைக் காசு கொடுத்து வாங்கிவிடுகிறேன்.

"அதான் முடிக்கிறதே இல்லையா? மாதாகிட்டயே கிராக் போட்டுட்டீங்களே அண்ணே!"

"சத்தமா பேசாதம்மா. கேட்டுடப் போவுது."

அவளுடைய பழைய லேப்டாப்பில் இருந்த அத்தனையும் அவர் போட்டுக்கொடுத்த கிராக்தான். அதில் படித்துத்தான் வீட்டின் முதல் பட்டதாரி ஆனாள். ஒரு சின்ன கேம் கம்பெனியில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கும் போனாள். இரண்டு வருடம் உழைத்த முதல் கேம் வெளிவந்த மூன்றாம் நாள், அதன் பூட்டும் உடைந்தது. நான்காம் நாள் அது லூர்துபிரகாஷ் கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

சண்டை போடத்தான் கடைப் படியேறினாள். ஏறும்போதே தன் லேப்டாப் ஞாபகம் வந்து பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மிச்சப் பாதியில், "அண்ணே, இது எங்க கேம். என் பேரு இதுல வருது" என்றாள்.

"எங்க?"

"கடைசில. முடிச்சாத்தான் வரும்."

அவர் முகம் வெளுத்தது. கை டீ டம்ளரைத் தேடியது. அதற்குள் பாக்கியலட்சுமி பூக்கூடையோடு உள்ளே வந்துவிட்டாள். "எம் பொண்ணு பேரா? காட்டு தம்பி. பாக்காம நவுர மாட்டேன்."

"டீ குடிச்சிட்டு வந்து..."

"டீ இங்கயே வரும். நீ ஆடு."

ஒன்றரை மணி நேரம் ஆடினார். கடைசிப் பூதம் ஒன்பது தடவை அவரைக் கொன்றது. ஒவ்வொரு சாவுக்கும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பாக்கியலட்சுமியோ விடவில்லை: "எந்திரி, அடி அவன!" பத்தாவது தடவை பூதம் செத்தது. பெயர்கள் திரையில் ஏறின. ஆங்கிலம் தெரியாத பாக்கியலட்சுமிக்கு அவரே விரல் வைத்துக் காட்டினார். அவள் ஒரு முழம் மல்லியை எடுத்து மானிட்டர் மேல் போட்டாள்.

"கம்பெனில எனக்கு ஒரு காப்பி ஓசில தருவாங்க. உங்களுக்குத் தரட்டுமா?" என்றாள் சுடர்விழி, இரக்கப்பட்டு.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஓசில வாங்குனா பொருத்தனை தீருமா? காசு குடுத்துதான் வாங்குவேன். தள்ளுபடி வரட்டும்."

தீபாவளித் தள்ளுபடி வந்தது. கிறிஸ்துமஸ் தள்ளுபடியும் வந்து போனது. சுடர்விழி கேட்பதில்லை, கேட்டால் தன் லேப்டாப்புக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். லூர்துபிரகாஷ் விழுப்புரத்திலிருக்கும் மாமியார் வீட்டுக்குக்கூட, வழியிலிருக்கும் வில்லியனூரைத் தவிர்த்து, திண்டிவனம் சுற்றித்தான் போய்வருகிறார்.